வகிட்டு மீன்கள் இனி இல்லை, செந்தில்

ஏல செந்தில், என் தம்பி,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வருஷத்துத் துர்கா பூஜையும் வந்து போய்விட்டது. தெருவில் பந்தல் மூங்கிலைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளா, தெரியவில்லை. இப்போதெல்லாம் அதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

நம் கொல்கத்தா தமிழ்ச் சங்கத்து மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். 'அன்னார் பண்பாளர், பழக இனியவர்' என்று ஆரம்பித்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். உன்னிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. அது நல்ல சேதி இல்லை. அதனால்தான் சுற்றி வளைக்கிறேன் போலிருக்கிறது.

கேட்கிறவர்களுக்காக முதலில், கடலுக்குள் இறங்கி நீ ஆராய்ச்சி செய்த உன் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள். கோமாளி மீன் என்றதும் எல்லோருக்கும் ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்டதுதான் ஞாபகம் வரும். பொம்மைப் படத்தில் வருவது. உன்னுடையது அதற்குச் சித்தப்பா பிள்ளை. உடம்பு பழுத்த பப்பாளி நிறம். உதட்டில் தொடங்கி, நெற்றி வழியாக, முதுகு வழியாக, வால் வரைக்கும் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. நீ முதல்முறை போட்டோவைக் காட்டியபோது அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது என்னய்யா, எண்ணெய் தேச்சு வகிடு எடுத்த மாதிரில்லா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு வகிட்டு மீன் என்றுதான் பெயர். அதன் விஞ்ஞானப் பெயரை நீ எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தாய். எங்கள் வாயில் நுழையவில்லை.

அந்தமானில் ஒரு சின்னத் தீவுக்குப் பக்கத்தில் ஒரு பவளத்திட்டு. அதில் ஒரு பாறை. அந்தப் பாறையின் தலையில் ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, அது பூ இல்லை, பிராணி. ஊதா நிறத் தண்டு, அதன்மேல் ஆயிரம் பழுப்பு விரல்கள், ஒவ்வொரு விரலிலும் விஷம். வேறு மீன் கிட்டே போனால் அதோடு சரி. வகிட்டு மீன் மட்டும் அந்த விரல்களுக்குள்ளேயே படுத்துத் தூங்கும், அங்கேயே குடும்பம் நடத்தும். ஒருமுறை வந்து குடியேறிவிட்டால் சாகும்வரை அதைவிட்டு நாலு முழம் தாண்டாது.

"நம்ம பாலிகஞ்ச்காரங்க மாதிரி" என்றாள் அம்மா. "கரியாஹாட் மார்க்கெட்டைத் தாண்டி உலகமே கிடையாது."

அந்தக் குடும்பத்தில் உருவத்தில் பெரியது பெண். அவள் வைத்ததுதான் சட்டம். அவளுக்கு அம்மா வைத்த பெயர் பெரியம்மா. புருஷனுக்குப் பெயர் சின்னவன். பெரியம்மா செத்துப்போனால் சின்னவனே பெண்ணாக மாறிவிடுவான் என்று நீ சொன்ன அன்று, அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள். "அப்படி ஒரு ஏற்பாடு இங்கேயும் இருந்திருக்கணும்" என்றாள். செத்துப்போன அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்த வீடுதான் இது.

ஒவ்வொரு வருஷமும் மழையில் கடல் கலங்கும்போது நீ கொல்கத்தா வருவாய். பூஜை முடிந்து திரும்புவாய். அங்கே இருக்கும்போது போனில் அம்மாவுக்கு ஒரே பாட்டுத்தான். "தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் கிடக்காதய்யா." அவள் சுறாவுக்குப் பயந்தாள், அலைக்குப் பயந்தாள், சிலிண்டரில் காற்றுத் தீர்ந்துபோவதற்குப் பயந்தாள். எல்லாவற்றுக்கும் லேக் மார்க்கெட் பிள்ளையாரிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் வேண்டிக்கொண்டாள். கொசுவுக்காக வேண்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் துர்கா பூஜை முடிந்த கையோடு வந்த லட்சுமி பூஜை அன்று உனக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாய். டெங்கு என்றார்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டு ரசம் சாதம் பிசைந்து கொடுத்த அன்றுதான், உள்ளுக்குள்ளே பிளேட்லெட், ரத்த அழுத்தம் எல்லாம் இறங்க ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் அதைச் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவே இல்லை. "காய்ச்சல் விட்டா நல்லதுதானே டாக்டர்?" திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். இப்போதும் சில நாள் என்னிடம் கேட்கிறாள்.

நீ கடைசியாகத் தெளிவாகப் பேசியது உன்னைப் பற்றி இல்லை. "அக்கா, ரூமாட்ட கேளு. பெரியம்மா முட்டை வச்சிருக்காளான்னு." பக்கத்தில் நின்ற நர்ஸ் நீ உளறுகிறாய் என்று நினைத்தாள். ரூமா உன்னோடு கடலில் இறங்குகிற பெண் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் போன் செய்தேன். கலங்கிய கடலில் ரூமா அன்றைக்கே இறங்கினாள். சாமந்தியின் ஓரத்தில் பாறையில் ஒட்டியிருந்த ஆரஞ்சு முட்டைகளையும், சின்னவன் துடுப்பால் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்ததையும் வீடியோ எடுத்து அனுப்பினாள். அது வந்தபோது உன்னை ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருந்தார்கள். அம்மா உள்ளே போய் போனை உன் முகத்துக்கு நேரே பிடித்தாள். உன் கண் பாதி திறந்திருந்தது. நீ பார்த்தாயா, செந்தில்? அது ஒன்று மட்டுமாவது தெரிந்தால் தேவலை.

நீ போனபிறகு ரூமா மாதாமாதம் வீடியோ அனுப்பினாள். அம்மாதான் கேட்டாள். "எம் பிள்ளை பாத்துட்டிருந்த இடத்த நானும் பாக்கணும்" என்றாள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் ரயிலேறிப் போனபின், இந்த வீட்டில் அசைந்த ஒரே பொருள் அந்த போன்தான். அம்மா சாப்பிட ஆரம்பித்ததே அந்த வீடியோக்களால்தான். தட்டை முன்னால் வைத்துவிட்டு, பெரியம்மாவை ஓடவிடுவேன். அவள் மற்ற மீன்களை விரட்டுகிறதைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் உள்ளே போகும். "அவன் இல்லாட்டியும் அதுக இருக்குல்லா" என்பாள். நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இந்தக் கோடையில் கொல்கத்தாவில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. ரூமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மா தினமும் கேட்டாள். கடைசியில் ஒரு மத்தியானம் வந்தது. எப்போதும் கூடவே ரெண்டு வரி எழுதுவாள். அன்று ஒன்றும் எழுதவில்லை.

பக்கத்து ஃபிளாட் வங்காளி அண்ணி, நம் பௌதி, அப்போது நம் வீட்டில் இருந்தார். உன்னைத் தன் கொழுந்தனாராகவே நினைத்தவர். நீ செத்தபோது எங்களைவிட உரக்க அழுதவர். மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். சாமந்தி முழுக்க வெள்ளையாக இருந்தது. தண்டு, விரல்கள், எல்லாமே பால் வெள்ளை, அதற்குள் ஏதோ விளக்கு எரிகிற மாதிரி ஒரு வெளிச்சம். பின்னால் இருந்த பவளமும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே பெரியம்மாவும் சின்னவனும் முன்னெப்போதையும்விடப் பளிச்சென்று தெரிந்தார்கள்.

"கீ ஷுந்தொர்!" என்றார் பௌதி. எவ்வளவு அழகு! நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ சொல்லியிருக்கிறாயே, அந்தச் சாமந்தியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அதுதான் அதற்கு நிறமும் சோறும் என்று. தண்ணீர் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பிறகு பட்டினி என்று. பவளத்துக்கும் அதே கதைதான் என்று. எனக்குத் தெரிந்திருந்தது. பௌதி போனதும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏட்டி, இதுக்கு ரத்தம் சுண்டிப்போச்சு. ஆஸ்பத்திரில தம்பி மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு."

ரூமாவுக்கு போன் செய்தேன். தேறுமா என்று கேட்டேன். "தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா சிலது தேறும், திதி" என்றாள். அவளுக்கு நான் திதி, அக்கா. சிலது என்று சொன்னதை அம்மாவிடம் சொல்லாமல் விட்டேன். அம்மா மழையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே சாயங்காலம் காற்று எழும்பி நாலு தூறல் விழுந்தாலும் ஜன்னலுக்கு ஓடுவாள். "அங்கேயும் பெய்யுதான்னு கேளு." நான் கேட்பேன். பெய்யவில்லை என்று ரூமா சொல்வாள். பெய்தது என்று சொன்ன நாளில் அம்மா பாயசம் வைத்தாள். அந்த மழை போதவில்லை, தம்பி.

ஆடி மாதம் நல்ல மழையில் ரூமாவே நேரில் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அம்மாவை அவள் மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள். செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்டுவிட்டாள், அவளுக்கே உரிய உடைந்த வங்காளியில்.

"இருக்கா?"

"இல்லை, மாஷிமா" என்றாள் ரூமா.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சாமந்தி சுருங்கிச் சுருங்கி ஒரு கைப்பிடி அளவு ஆனது. பிறகு அதுவும் பாறையை விட்டுவிட்டது. பெரியம்மா வேறெங்கும் போகவில்லை. போகத் தெரியாது. அவள் கூடவே வாழ்ந்த விரல்கள் இல்லாத வெறும் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ரூமா கிட்டே போனபோது, வழக்கம்போலக் கோபமாக வந்து முட்டினாளாம். காவல் காக்க அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் முட்டினாள். அடுத்தமுறை ரூமா இறங்கியபோது அவளும் இல்லை, சின்னவனும் இல்லை. பெரிய மீன் ஏதாவது தின்றிருக்கும். ஒளிந்துகொள்ள இடமில்லாத சின்ன மீன், எத்தனை நாள் தாங்கும்?

"குஞ்சுக?" என்றாள் அம்மா. "முட்டை வச்சிருந்தாளே. அந்தக் குஞ்சுக வெளிக் கடலுக்குப் போயிட்டு மோப்பம் பிடிச்சுத் திரும்பி வரும்னு எம் பிள்ளை சொன்னானே. அதுக எங்கேயாவது போய் ஒண்டியிருக்காதா?"

ரூமா சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாது மாஷிமா. நான் போய்ப் பார்த்த திட்டெல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது பாசி படர்ந்து கறுத்துக் கிடக்கிறது. வந்தாலும் எதில் குடியிருக்கும்?" என்று அழ ஆரம்பித்தாள். அம்மா அழவில்லை. எழுந்துபோய் அவளுக்கு தோசை வார்த்தாள். ஒன்று கருகிவிட்டது, அதைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

கையில் பிடித்துக்கொள்ளவாவது ஏதாவது மிச்சம் இருந்தால் மனிதர்கள் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு உன்னிடத்திலும் மிச்சமில்லை, உன் மீனிடத்திலும் மிச்சமில்லை. ஆபீஸில் சில நாள் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பேன். நீ இதைப் பார்க்காமல் போனதே நல்லது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படித்தானா? நீ இருந்திருந்தால் அந்தப் பாறையில் உட்கார்ந்து என்ன செய்திருப்பாய்?

இதற்கு மேல்தான் பூஜை வந்தது.

தெருப் பூஜையை நடத்தும் கிளப்பின் கமிட்டியில் பௌதி இருப்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் நம் தெருப் பந்தலுக்கு 'கடலுக்கடியில்' என்று தீம் வைத்தார்கள். யோசனை பௌதியுடையது. நம் வீட்டில் பார்த்த அந்த வெள்ளை வீடியோதான் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்திருக்கிறது. ஒரு நாள் சந்தோஷமாக வந்தார். உன் நினைவாகவே பந்தலைக் கட்டப்போகிறார்கள், வாசலில் உன் படம், உன் பேர், என்றார். உன் நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்றார்.

நான் உள்ளதைச் சொன்னேன். "பௌதி, அந்த இடமே செத்துப்போச்சு. அன்னைக்கு நாம பார்த்தது சாவு. அவன் படத்தை வைக்கிறதானா, பவளத்தை வெள்ளையா பண்ணுங்க."

பௌதியின் முகம் வாடிவிட்டது. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. "ஐயோ, நான் அதை அழகென்று சொன்னேனே" என்றார். கமிட்டியில் போய்க் கேட்டுப் பார்த்தார். மறுநாள் தயங்கித் தயங்கி வந்தார். "குழந்தைகள் வருகிற இடம். வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் வீட்டுக்கு வருகிறாள். வெள்ளையைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்கிறார்கள்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் உயிராவது இருந்திருக்கும்.

போட்டோ கொடுக்க வேண்டாம் என்றிருந்தேன். அம்மாவே பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். "குடு. நாலு பேரு அவன் பேரையாவது வாசிக்கட்டும்."

பூஜையில் சப்தமி நாள் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உள்ளே நீல வெளிச்சம். தெர்மோகோலில் செய்த பவளங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கூரை வரைக்கும் வளர்ந்திருந்தன. மீன்கள் நூலில் தொங்கின. எல்லாமே மூன்று பட்டை போட்ட மீன்கள். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மன் முன்னால் கைகூப்பவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் சின்ன மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். "இதெல்லாம் நிஜமா இருக்கா, பாபா?" என்று அவள் கேட்டாள். "இருக்கே. அந்தமான் போனால் பார்க்கலாம்" என்றார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆர் நேய்" என்றாள். இனி இல்லை.

அவர் திரும்பிப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்டிருக்காது. கூட்டம் அவரை நகர்த்திக்கொண்டு போய்விட்டது. அம்மா அந்த இடத்திலேயே நின்றுகொண்டு அடுத்து வந்தவரிடம் சொன்னாள். "ஆர் நேய்." அதற்கடுத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் சொன்னாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. வாலண்டியர் விசில் ஊதி, முன்னால் போங்க முன்னால் போங்க என்று கத்தினான். அம்மா தன் எழுபது வயதுக் குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அழுதுகொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஒரே ஒருத்தி நின்றாள். அம்மாவின் முகத்துக்குக் கிட்டே குனிந்து, "யார் இல்லை, மாஷிமா?" என்று கேட்டாள்.

"பிள்ளை" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்தாள். "மீன். எல்லாம்."

அந்தப் பெண் அம்மாவின் தோளைத் தடவிக் கொடுத்தாள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியதில் அவளும் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அம்மா அதிகம் பேசுவதில்லை. விஜயதசமிக்கு பௌதி இனிப்போடு வந்து அவள் காலைத் தொட்டு வணங்கினார். அம்மா அவர் தலையில் கை வைத்தாள், அவ்வளவுதான். நான் தட்டை வைக்கிறேன், பாதி மிச்சம் வைக்கிறாள். ஓடவிட எனக்கு ஒன்றும் இல்லை. பழைய வீடியோவைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "செத்தவங்களை எதுக்குட்டி ஆட விடுற?" என்கிறாள்.

நேற்று ரூமா போன் செய்தாள். மழை விட்டுக் கடல் தெளிந்ததும் அதே பாறைக்குத் திரும்பவும் போகிறாளாம். நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வீடியோ அனுப்பட்டுமா, திதி? வெறும் பாறைதான் இருக்கும்" என்றாள். நான் அம்மாவிடம் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே, "அனுப்பச் சொல்லு. ஒண்ணுமில்லைங்கறதையும் யாராவது பாக்கணும்லா" என்றாள்.

தம்பி, அவை எங்கேயாவது இருக்கும் என்று இனி நான் அம்மாவிடம் சொல்லமாட்டேன். உனக்கும் சொல்லமாட்டேன். உனக்கு நான் கொடுக்க முடிந்த வாக்கு மிகச் சின்னது. அந்த வீடியோ வரும் நாளில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெறும் பாறையை, முகத்தைத் திருப்பாமல், முடிகிறவரைக்கும் பார்ப்பேன். அதற்கடுத்த மாதமும் பார்ப்பேன்.

அம்மாவையும் உன் பாறையையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிற,
உன் ஒரே அக்கா.